கண்ணுக்குத் தெரியாத 13

விண்டோஸ் கணினி கைக்குக் கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். நோட்பேடைத் திறந்து 1 என்று அடியுங்கள். எண்டர் தட்டி, அடுத்த வரியில் 2 அடியுங்கள். அவ்வளவுதான், வேறு எதையும் தொட வேண்டாம். சேமித்துவிட்டு, அந்தக் கோப்பின்மேல் வலது கிளிக் செய்து 'பிராபர்ட்டீஸ்' என்பதைத் திறந்தால் கோப்பின் அளவு தெரியும். 4 பைட் என்று இருக்கும்.

நாம் அடித்தது இரண்டே இலக்கம். இலக்கத்துக்கு ஒரு பைட் என்றால் 2 பைட்தானே வரவேண்டும்? மீதி இரண்டும் எண்டருக்குப் போயிருக்கின்றன. ஆனால் எண்டரைத் தட்டியது ஒருமுறைதான். ஒரு தட்டுக்கு ஏன் இரண்டு பைட்? இதே 1, 2-ஐ லினக்ஸ் கணினியில் அடித்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பைட்தான் இருக்கும். நாற்பது வருஷத்துக்கும் மேலாக புரோகிராம் எழுதுகிறவர்களைப் படுத்தி எடுப்பது இந்த ஒரு பைட்தான்.

உரைக்கோப்பு என்பது எண்களின் வரிசை. எந்த எண் எந்த எழுத்து என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அமெரிக்காவில் 1963-இல் முதன்முதலில் வெளியான அந்தப் பட்டியலுக்கு ஆஸ்கி என்று பெயர். அதில் ஆங்கிலப் பெரிய 'ஏ'வுக்கு 65. சின்ன 'ஏ'வுக்கு 97. இலக்கம் 1-க்கு 49, இலக்கம் 2-க்கு 50. நாம் சேமித்த கோப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது 49, 13, 10, 50.

அந்த 13-க்கும் 10-க்கும் திரையில் உருவம் கிடையாது. ஆஸ்கியில் 0 முதல் 127 வரை மொத்தம் 128 எண்கள். அவற்றில் முதல் 32-ம் எழுத்துகளே அல்ல, கட்டளைகள். 7 வந்தால் மணி அடிக்க வேண்டும். நிஜமான மணி! செய்தியை அச்சடிக்கும் இயந்திரத்துக்குள் ஒரு சின்ன மணி இருந்தது. கடைசி எண்ணான 127-ம் ஒரு கட்டளைதான். அப்போது செய்திகளைக் காகித நாடாவில் துளை போட்டுச் சேமிப்பார்கள். தப்பாகப் போட்ட துளையை அடைக்க முடியாதே, என்ன செய்வது? மிச்சமிருக்கும் இடங்களிலும் துளை போட்டுவிடுவார்கள். ஏழு இடத்திலும் துளை இருந்தால் அது 127. அதைக் கண்டால் இயந்திரம் ஒன்றும் செய்யாமல் தாண்டிப் போய்விடும். அழிக்க முடியாத இடத்தில் அழிப்பதற்கு எவ்வளவு அழகான வழி, பாருங்கள்.

13-ஐயும் 10-ஐயும் புரிந்துகொள்ள ஒரு தட்டச்சு இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு ஊர்களில் தட்டச்சுப் பயிலகங்கள் இன்னும் இருக்கின்றன. ஒன்றில் எட்டிப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும், காகிதத்தைச் சுமந்திருக்கும் மேல்பகுதி ஒரு எழுத்து அளவு இடது பக்கம் நகரும். அந்தப் பகுதிக்கு கேரியேஜ் என்று பெயர். வரி முடியப்போகும்போது மணி அடிக்கும். தட்டுகிறவர் ஒரு நெம்புகோலைப் பிடித்து கேரியேஜைப் பழைய இடத்துக்குத் தள்ளுவார். அந்த ஒரு தள்ளலில் இரண்டு வேலை நடக்கிறது: காகிதம் ஒரு வரி மேலே உருளும், கேரியேஜ் தொடக்கத்துக்குத் திரும்பும். கூர்ந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு அசைவுகள் என்பது தெரியும்.

டெலிபிரிண்டர் என்பது தந்திக் கம்பி வழியாக ஓட்டப்படும் தட்டச்சு இயந்திரம். ஒரு ஊரில் தட்டினால் இன்னொரு ஊரில் அச்சாகும். அங்கே நெம்புகோலைத் தள்ள ஆள் இல்லை. அதனால் இரண்டு அசைவுக்கும் இரண்டு எண்கள். 13 என்றால் அச்சடிக்கும் பகுதி இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும். இதுதான் 'கேரியேஜ் ரிட்டர்ன்'. 10 என்றால் காகிதம் ஒரு வரி உருள வேண்டும். இது 'லைன் ஃபீட்'.

இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக வைத்திருக்கலாமே என்று தோன்றும். பிரித்து வைத்ததில் லாபம் இருந்தது. 13-ஐ மட்டும் அனுப்பினால் அதே வரியின் மேல் மறுபடி அச்சடிக்கலாம். அடிக்கோடு போடுவதும் எழுத்தைக் கறுப்பாக்குவதும் அப்படித்தான். 10-ஐ மட்டும் அனுப்பினால் எழுத்து விட்ட இடத்துக்கு நேர் கீழே தொடரும், வரிகள் மாடிப்படியாக இறங்கும்.

இன்னொரு காரணமும் இருந்தது. எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. 1963-இல் வந்த 'டெலிடைப் மாடல் 33' என்ற இயந்திரம் விநாடிக்கு 10 எழுத்து அச்சடிக்கும். அதாவது ஒரு எழுத்துக்குப் பத்தில் ஒரு பங்கு விநாடி. ஒரு வரியில் 72 எழுத்து. வலது ஓரம் வரை போன அச்சுப்பகுதி இடது ஓரத்துக்குத் திரும்பிவர பத்தில் ஒரு விநாடி போதாது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த எழுத்து வந்துவிட்டால், வரிக்கு நடுவில் எங்கேயோ ஒரு மசிக்கறையாக விழும். அதனால் முதலில் 13-ஐ அனுப்பினார்கள், அடுத்து 10-ஐ. காகிதம் உருளும் நேரத்தில் அச்சுப்பகுதி வீடு வந்து சேர்ந்துவிடும். 10, 13 என்று மாற்றி அனுப்பினால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். விண்டோஸ் கோப்பில் இன்றும் 13 முதலில், 10 அடுத்து என்று இருக்கிறதே, அந்த வரிசை இப்படி வந்ததுதான். இத்தனைக்கும் இன்றைய திரையில் ஓடித் திரும்ப ஒரு பாகமும் இல்லை.

கணினிகள் வந்தபோது இந்த டெலிபிரிண்டர்களையே அவற்றோடு இணைத்துத் தட்டினார்கள். லினக்ஸில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரைக்கு இன்றும் 'டிடிஒய்' என்றுதான் பெயர். டெலிடைப் என்பதன் சுருக்கம் அது.

கோப்புக்குள் வரி முடிவை எப்படிக் குறிப்பது என்பதில்தான் ஆளுக்கொரு வழி போனார்கள். 1960-களில் அமெரிக்காவில் உருவான மல்டிக்ஸ் என்ற இயங்குதளம், கோப்பில் 10 மட்டும் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டது. அச்சடிக்கும்போது எந்த இயந்திரத்துக்கு என்ன வேண்டுமோ, அதை அந்த இயந்திரத்துக்கான புரோகிராம் சேர்த்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் எண்ணம். மல்டிக்ஸில் வேலை பார்த்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969-இல் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸைத் தொடங்கியபோது அந்தப் பழக்கத்தைக் கூடவே எடுத்துப்போனார்கள். லினக்ஸ் அந்த வழியில் வந்தது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்ற இயங்குதளமும் லினக்ஸ்தான். உங்கள் வீட்டு ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் அதுவே.

கேரி கில்டால் 1974-இல் எழுதிய சிபிஎம் என்ற இயங்குதளம் 13, 10 இரண்டையும் கோப்புக்குள்ளேயே வைத்தது. கோப்பில் இருப்பதை அப்படியே பிரிண்டருக்குத் தள்ளிவிடலாம், நடுவில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சின்னக் கணினிகளுக்கு அது வசதி. 1981-இல் வந்த எம்எஸ்-டாஸ் அதைப் பின்பற்றியது. எம்எஸ்-டாஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தது. 1984-இல் வந்த மேக்கின்டாஷோ இரண்டையும் விட்டு, 13 மட்டும் போதும் என்றது! 2001-இல் யூனிக்ஸ் அடித்தளத்தில் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோதுதான் ஆப்பிளும் 10-க்கு மாறியது.

என்னைக் கேட்டால் மல்டிக்ஸ்காரர்கள் செய்ததுதான் சரி. இயந்திரத்தின் கவலையை இயந்திரத்தோடு வைத்துவிட்டார்கள். ஆனால் மின்னஞ்சல் அனுப்பும் விதிகள் இன்றும் ஒவ்வொரு வரி முடிவிலும் 13, 10 இரண்டையும் கேட்கின்றன. உள்ளே 10 மட்டும் வைத்திருக்கும் கணினியும் கடிதம் அனுப்பும்போது 13-ஐச் சேர்த்துத்தான் அனுப்புகிறது.

இப்போது ஒரு இயங்குதளத்தின் கோப்பு இன்னொன்றுக்குப் போனால் என்ன ஆகும்? லினக்ஸில் எழுதிய கதையை விண்டோஸ் நோட்பேடில் திறந்தால், முன்பெல்லாம் பத்தியும் வரியும் இல்லாமல் எல்லாம் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டு வரும். நோட்பேட் 13, 10 என்ற ஜோடியையே தேடியது. தனியாக நின்ற 10 அதன் கண்ணில் வரி முடிவாகப் படவில்லை. 1985-இல் முதல் விண்டோஸோடு வந்த நோட்பேட், தனி 10-ஐயும் வரி முடிவாக ஏற்கக் கற்றுக்கொண்டது 2018-இல். 33 வருஷம்! இப்போது நோட்பேடின் அடி ஓரத்தில் பார்த்தால், திறந்திருக்கும் கோப்பு விண்டோஸ் வகையா யூனிக்ஸ் வகையா என்று எழுதியிருக்கும்.

எதிர்ப்பக்கம் இன்னும் வேடிக்கை. விண்டோஸ் கோப்பை லினக்ஸில் சில புரோகிராம்களில் திறந்தால், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கூரை போன்ற ஒரு குறியும் ஆங்கில 'எம்' எழுத்தும் தொங்கும். ஏன் எம்? விரல் விட்டு எண்ணுங்கள்: ஆங்கில எழுத்துகளில் எம் 13-ஆவது. கன்ட்ரோல் விசையோடு எம்-ஐத் தட்டினால் 13 பிறக்கும். 10-ஆவது எழுத்து ஜே. கன்ட்ரோலும் ஜே-யும் சேர்ந்தால் 10. மணி அடிக்கும் 7-க்கு ஜி. இதைத் தெரிந்துகொண்டபின் அந்த எம் பயமுறுத்தாது.

கண்ணில் தெரியாதபோதுதான் ஆபத்து அதிகம். விண்டோஸில் பைத்தான் மொழியில் எழுதிய ஒரு புரோகிராமை லினக்ஸுக்குக் கொண்டுபோய் நேரடியாக ஓட்டினால், 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று சிலசமயம் பிழை வரும். பைத்தானோ அந்தக் கணினியில் ஜம்மென்று இருக்கும். நடந்தது இதுதான்: எதைக் கொண்டு இதை ஓட்ட வேண்டும் என்பதை முதல் வரி சொல்கிறது. லினக்ஸ் அந்த வரியை 10 வரும் இடம் வரை படிக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் 13-ம் பெயரில் ஒட்டிக்கொள்கிறது. அது தேடுவது 'பைத்தான்' அல்ல, 'பைத்தான்-13'. அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. 10-க்கு முன்னால் இருக்கும் 13-ஐ நீக்கினால் விண்டோஸ் கோப்பு லினக்ஸ் கோப்பாகிவிடும். அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான். 'டாஸ்டூயூனிக்ஸ்' என்ற சின்ன புரோகிராம் இதைச் செய்கிறது. எதிர்த்திசையில், 10 இருக்கும் இடமெல்லாம் அதற்கு முன் ஒரு 13-ஐச் செருக வேண்டும். ஏற்கெனவே 13 இருக்கிறதா என்று பாராமல் செருகினால் 13, 13, 10 என்று மூன்றாகிவிடும். பழைய மேக் கோப்பு என்று நினைத்து எல்லா 13-ஐயும் 10 ஆக்கினால், விண்டோஸ் கோப்பில் வரிக்கு வரி ஒரு வெற்றுவரி முளைக்கும்.

இன்னொரு பெரிய ஆபத்து, உரை அல்லாத கோப்பை உரை என்று நினைத்து மாற்றிவிடுவது. படக்கோப்பிலும் எண்கள்தான் இருக்கின்றன. அங்கே 13 என்பது ஏதோ ஒரு நிறத்தின் பங்காக இருக்கலாம். கல் என்று நினைத்துப் பொறுக்கினால் படம் திறக்காது. முன்பு இணையத்தில் கோப்புகளை அனுப்பப் பயன்பட்ட எஃப்டிபி முறையில் உரைக்கு ஒரு வழி, மற்றவற்றுக்கு ஒரு வழி என்று இரண்டு இருந்தன. உரைக்கான வழி வரி முடிவுகளைத் தானாக மாற்றிவிடும். படத்தை மறந்துபோய் அந்த வழியில் அனுப்பிக் கெடுத்துக்கொள்வது அடிக்கடி நடந்தது.

1996-இல் பிஎன்ஜி என்ற படக்கோப்பு முறையை வெளியிட்டவர்கள் இதற்கு ஒரு பொறி வைத்தார்கள். உங்கள் கணினியில் இருக்கும் எந்த பிஎன்ஜி படமானாலும் அதன் முதல் எட்டு எண்கள் இவைதான்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் உள்ள 80, 78, 71 என்பவை ஆங்கிலத்தில் பி, என், ஜி. 137 எதற்கு? ஆஸ்கி 127-ஓடு முடிகிறது. பெரிய எண்களை வெட்டிவிடும் பழைய வழியில் படம் போயிருந்தால் 137 குறைந்து 9 ஆகிவிடும், குட்டு வெளிப்படும். அடுத்து 13, 10. யாராவது விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு என்று மாற்றினால் 13 காணாமல் போகும். கடைசியில் ஒரு 10 தனியாக நிற்கிறதே, அது எதிர்த்திசைக்கு: யாராவது லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாற்றினால் அதன் முன்னால் புதிதாக ஒரு 13 வந்து உட்காரும். இரண்டு பக்கமும் காவல்!

26 மட்டும் பாக்கி. ஆங்கிலத்தின் 26-ஆவது எழுத்து இசட். சிபிஎம் ஒரு கோப்பின் நீளத்தை 128 பைட் துண்டுகளாகத்தான் கணக்கு வைக்கும். கடைசித் துண்டில் உரை எங்கே முடிகிறது என்று தெரியாது. அதனால் 'இத்தோடு முடிந்தது' என்று சொல்ல 26-ஐ வைத்தார்கள். டாஸும் அதை மதித்தது. டாஸில் ஒருவர் தெரியாமல் படத்தைத் திரையில் உரையாகக் காட்டச் சொன்னால், 26-ஐக் கண்டதும் அது நின்றுவிடும். திரை முழுக்கக் கிறுக்கல் ஓடாது. எட்டே எண்களில் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

இதுவரை பார்த்தது வரி முடிவு மட்டும். எழுத்துகளின் பட்டியலே வேறாக இருந்தால்? ஐபிஎம் நிறுவனம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 என்ற பெரிய கணினிகளில் பெரிய 'ஏ'வின் எண் 193. ஒன்பதாவது எழுத்தான 'ஐ' 201. அடுத்து வரும் 'ஜே' 202 அல்ல, 209! துளையட்டைக் காலத்துக் கணக்கு அது. அங்கிருந்து ஆஸ்கிக்கு மாற்ற, ஒவ்வொரு எண்ணாகப் பட்டியல் பார்த்து மாற்ற வேண்டும்.

இனி நம் எழுத்துக்கு வருவோம். நோட்பேடில் வணக்கம் என்று மட்டும் அடித்துச் சேமியுங்கள். ஐந்து எழுத்து. அளவோ 21 பைட். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் பட்டியலில் புள்ளிக்குத் தனி எண் இருக்கிறது. வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு. இவற்றை இன்று பெரும்பாலும் யுடிஎஃப்-8 என்ற முறையில்தான் எழுதுகிறார்கள். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் உருவாக்கியது அது. யூனிக்ஸைத் தொடங்கிய அதே தாம்சன்தான். அந்த முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு மூன்று. ஏழு மூன்று 21.

'அ' என்ற எழுத்து 224, 174, 133 என்று எழுதப்படும். படிக்கிற புரோகிராம் இதை யுடிஎஃப்-8 என்று அறியாமல் பழைய ஐரோப்பியப் பட்டியலை வைத்துப் படித்தால், 224 தலையில் கோடு போட்ட ஒரு 'ஏ'வாகவும், 174 வட்டத்துக்குள் இருக்கும் ஆராகவும், 133 மூன்று புள்ளிகளாகவும் தெரியும். தமிழ்க் கோப்பைத் திறந்தால் இந்தக் கோடு போட்ட ஏயும் வட்ட ஆரும் மாறி மாறி வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? தமிழ் எழுத்துகள் எல்லாமே 224, 174 என்றோ 224, 175 என்றோதான் தொடங்கும். அதனால்தான் அந்த ஜோடி விடாமல் வருகிறது. கோப்பு கெடவில்லை, படித்த பட்டியல்தான் தப்பு. சரியான பட்டியலைத் தேர்ந்தெடுத்துத் திறந்தால் தமிழ் வந்துவிடும். வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால் கதை வேறு. தமிழே இல்லாத பட்டியலில் யாரோ சேமித்திருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக 63 என்ற கேள்விக்குறி எண் உட்கார்ந்துவிட்டது. அதிலிருந்து எதையும் மீட்க முடியாது.

யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழுக்கு டிஸ்கி, டாம், டாப் என்று பல பட்டியல்கள் இருந்தன. அந்தக் காலத்துக் கோப்புகளை மாற்றுவது எண்ணுக்கு எண் மாற்றும் வேலையோடு முடிவதில்லை. டிஸ்கியில் 'வெ' என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதுவார்கள்: முதலில் கொம்பு, பிறகு வ. யூனிகோடில் வ முதலில், கொம்பு பிறகு. மாற்றும் புரோகிராம் கொம்பைக் கண்டதும் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த எழுத்து வந்தபின் அதன் பின்னால் வைக்க வேண்டும். அதற்கும் அடுத்ததாகக் கால் வந்தால், 'வொ' என்று ஒரே குறியாகச் சேர்க்க வேண்டும்.

இதையெல்லாம் செய்தாலும் ஒரு இடத்தில் தடுக்கும். தட்டச்சு இயந்திரத்தில் 'கௌ' அடிக்க, கொம்பு, க, ள என்று தட்டுவார்கள். அதே பழக்கத்தில் கணினியிலும் அடித்துவிட்டார்கள் பலர். கௌரவம் என்ற சொல் அப்படித்தான் கோப்பில் கிடக்கிறது. சரி, கொம்பு, ஒரு எழுத்து, ள என்று வந்தால் ஔகாரம் என்று விதி வைத்துவிடலாமா? 'வெளி' வந்ததும் விதி கவிழ்ந்துவிடும்: அதுவும் கொம்பு, வ, ள, அதன்மேல் ஒரு இகரக் கொக்கி. ள-வுக்கு அடுத்து என்ன வருகிறது என்று இன்னும் ஒரு எழுத்து எட்டிப் பார்த்தால் வெளி தப்பிக்கும். ள-வுக்குப் பின் கொக்கியும் இல்லை காலும் இல்லை புள்ளியும் இல்லை என்றால், அது எந்தச் சொல் என்று தெரிந்த ஒருவர்தான் தீர்க்க வேண்டும். இணையத்தில் இன்றும் கௌரவத்தை ள போட்டு எழுதிய பக்கங்கள் ஏராளம். தேடுபொறியில் சரியான எழுத்தில் ஒருமுறையும் ள போட்டு ஒருமுறையும் தேடிப் பாருங்கள்.